ஏழு மணிக்குப் பேசிய வாய்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஷெர்லின் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். காப்பிக் களத்தில் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்தவன் நான். அதே ஏழு மணிக்கு அவளை டிவியில் பார்த்ததாக ஏற்காடு மலை முழுக்கச் சொல்கிறார்கள். பார்த்திருப்பார்கள். டிவியை நம்புகிறவர்கள் நம்பட்டும். என் கையில் இருந்த தார்ப்பாயை நான் நம்புகிறேன்.

ஷெர்லினுடைய அப்பா ஜேசுதாஸ் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்ததும் கிளியூர் போகிற வழியில் மூன்று ஏக்கர் காப்பி வாங்கினார். நான் அதே எஸ்டேட்டில் பல்பர் ஓட்டினவன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின் அது. இப்போது சீசனுக்கு மட்டும் ரைட்டரின் சின்னப் பல்பரை ஓட்ட வருகிறேன். கிளியூர் பொன்னுவேல் என்றால் தெரியும். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்கள் எல்லாம் செய்ததைப் பார்த்தபின் மூன்றே போதும் என்று இருக்கிறேன்.

ஷெர்லின் எட்டு வயதில் கோயிலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று பூசைக்கு வாசகம் வாசித்தாள். அப்போதே அந்தக் குரல் கடைசி பெஞ்சு வரை போகும். சேலத்தில் காலேஜ் படிக்கும்போது கேபிள் டிவியில் பூ மார்க்கெட் விலை வாசித்தாள். அப்புறம் சென்னையில் ஒரு சேனல். நாலு வருஷம் விடியற்காலை ஐந்து மணிச் செய்திதான் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு எழுந்து முகத்துக்குப் பூச வேண்டும். இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். போங்கள் என்றாள். எலக்‌ஷன் ஓட்டு எண்ணுகிற அன்று பதினோரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் பேசினாள். அதைப் பார்த்துத்தான் ஏழு மணிச் செய்தி கொடுத்தார்கள். வயது முப்பத்தாறு ஆகிவிட்டது.

அப்பாவுக்குப் பெருமை தாங்காது. ஏழு மணிக்கு உலகமே நிற்க வேண்டும். பறித்த பழத்தை அன்றைக்கே உரிக்காவிட்டால் காப்பி புளித்து நாறிப்போகும். அவருக்கு அது கவலையில்லை. “பொன்னுவேலு, நிறுத்துய்யா, பாப்பா வர்ற நேரம்” என்பார். பழம் தொட்டியில் கிடக்கும். நான் வெளியே நின்று பீடி பிடிப்பேன். ஜன்னல் வழியாக அவள் குரல் வரும். நல்ல குரல்தான். சொல்கிற சமாசாரம்தான் எனக்குப் பிடிக்காது.

இந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் இரண்டு பெரிய பெட்டியோடும் ஒரு அயர்ன் பாக்ஸோடும் வந்து இறங்கினாள்.

“லீவா கண்ணு?” என்றேன்.

“ஆமாங்க பெரியப்பா. நொம்ப நாள் லீவு.”

அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டு யாரும் லீவுக்கு வரமாட்டார்கள். நான் கேட்கவில்லை. அன்று ஏழு மணிக்கு ரைட்டர் பழக்கத்தில் டிவியைப் போட்டார். உள்ளே அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். டிவியிலும் அவள் வந்து வணக்கம் சொன்னாள்.

“முன்னாடியே எடுத்து வெச்சிருப்பாங்க” என்று ரைட்டர் எல்லோரிடமும் சொன்னார். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் டீக்கடைக்காரன் விடவில்லை.

“ஏனுங்க ரைட்டரே, இன்னிக்கு மத்தியானம் பஸ் கவுந்ததை உங்க பொண்ணு போன வாரமே சொல்லி எடுத்து வெச்சுட்டாங்களாக்கும்? அந்தப் பஸ் டிரைவருக்கு ஒரு போனாச்சும் பண்ணியிருக்கலாமில்ல?”

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். “அவங்ககிட்ட அதுக்கெல்லாம் வசதி இருக்குதப்பா” என்று சொல்லிவிட்டு ரைட்டர் பாதி டீயை வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வராத மழை வந்தது. தை மாசத்தில் தூறல் போட்டால் களத்தில் காய்கிற காப்பி கெட்டது. நானும் ஷெர்லினும் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தோம். அப்போது ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது.

“ஏற்காட்டில் காப்பி மூட்டைகளைத் திருடி வந்த கும்பலின் தலைவன், தலைச்சோலையைச் சேர்ந்த பாலகுமார் சிக்கினான்.”

என் பக்கத்தில் நின்றவள் வாய் மூடியிருந்தது. தார்ப்பாய் முனை அவள் கையிலிருந்து நழுவிக் காற்றில் அடித்தது. உள்ளே அவள் அம்மா ஆரோக்கியசெல்வி, “ஐயோ சேசுவே, நம்ம பாலகுமாரா?” என்று கத்தினாள்.

பாலகுமார் தலைச்சோலை சின்னையன் மகன். பிக்கப் வண்டி ஓட்டுகிறான். நடந்தது இவ்வளவுதான். தங்கள் வீட்டுக் காப்பியையே பதினோரு மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போனான். காப்பி தங்களுடையது என்று காட்டுகிற சீட்டு கையில் இல்லை. செக்போஸ்டில் நிறுத்தி விசாரித்தார்கள். மறுநாள் காலையில் சின்னையன் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினான். போ என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ராத்திரிக்குள் அவன் கும்பல் தலைவன் ஆகிவிட்டான். கௌரி என்கிற பெண்ணை அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தார்கள். மாசியில் கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. மாமன் சிவக்குமார்தான் எல்லாம். அவர் போன் போட்டு, பந்தல்காரனுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றார்.

புதன்கிழமை பழம் பறிக்க ஒரு ஆள் வரவில்லை. ரைட்டர் காட்டுக்கு வருகிற பதினாலு பெண்களும் தலைச்சோலைக்காரர்கள். அவர்களைக் கூட்டிவருகிறவள் பாலகுமாரின் அம்மா ஆராயி. பழம் சிவந்து கறுக்க ஆரம்பித்திருந்தது. தூறலுக்குப் பொலபொலவென்று உதிர்ந்தது. ரைட்டர், அவர் சம்சாரம், ஷெர்லின், நான், நாலு பேரும் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். நாலு பேர் பறித்து மூன்று ஏக்கர் எந்தக் காலத்தில் தீரும்? ரைட்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தவர் எழவேயில்லை.

வெள்ளிக்கிழமை சின்னையனும் ஆராயியும் வந்தார்கள். சின்னையன் செருப்பைக் கழற்றாமல் களத்துக்குள் வந்தான். காப்பி காய்கிற களத்தில் யாரும் அப்படி வரமாட்டார்கள். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“வாங்க சின்னையா, உக்காருங்க. காப்பி கொண்டாரச் சொல்றேன்” என்றார் ரைட்டர்.

“எங்கூட்லயே காப்பி இருக்குதுங்க. திருடுன காப்பி. குடிச்சுட்டுத்தான் வந்தோம்.”

“அப்படிப் பேசாதீங்க. எம்புள்ள வேணும்னா சொல்லுவா? எழுதிக் குடுத்ததை வாசிக்கறது அவ வேலை. கோயில்ல பவுல் எழுதின கடிதத்தை வாசிச்சா, கோவம் வந்தா பவுல் மேல கோச்சுக்குவீங்களா, வாசிச்ச புள்ள மேல கோச்சுக்குவீங்களா?”

“அந்தப் பவுலு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அவரு எம்பையனைத் திருடன்னு சொல்லலை. சொன்னது உம்பட புள்ள.”

ஆராயி ஷெர்லினிடம் வந்தாள். “ஏங் கண்ணு, உன்ற பொட்டியைத் தூக்கிப் பஸ்சுல ஏத்தி உடறவன் அவன்தானே? அக்கா அக்கான்னு பின்னாடியே சுத்துவானே. அவம்பேரைச் சொல்றப்ப உனக்கு நாக்கு வந்துதா?”

“நான் சொல்லலைங்க அத்தை.”

“என்ற கண்ணால பார்த்தேன். பச்சைச் சீலை கட்டியிருந்தே.”

“எங்கிட்டப் பச்சைச் சேலையே இல்லைங்க.”

“ஷெர்லின், சும்மா இரு” என்றார் ரைட்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவ எங்கூடக் களத்துல இருந்தா, சின்னையா. நாந்தான் பக்கத்துல நின்னேன்” என்றேன்.

“அண்ணா, நீங்க இந்த ஊட்டுல கூலி வாங்கறீங்க. வேற எப்புடிப் பேசுவீங்க?”

நாற்பது வருஷம் பழகியவன் சொன்னான். நானும் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் மலை ஆட்களிடம் சொல் எடுப்பது என்று ஒன்று உண்டு. ஒருவர் மேல் இல்லாத பேச்சைச் சொல்லிவிட்டால், சொன்னவர் ஊர்க்கூட்டத்தில் நின்று, சொன்னது எப்படியோ அப்படியே மறுபடி சொல்லி, அது பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த வீட்டுக்காரர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். தண்டம் கிடையாது, அடி கிடையாது. ஆனால் சொன்ன வாய்தான் எடுக்க வேண்டும். அப்பன் எடுக்க முடியாது, புருஷன் எடுக்க முடியாது. சொன்னவர் செத்துப்போனால் அந்தப் பேச்சு யார் மேல் விழுந்ததோ அவன் தலையில் நின்றது நின்றதுதான்.

“ஞாயித்துக்கெழம கூட்டம்” என்றான் சின்னையன். “பொண்ணூட்டுலருந்து சிவக்குமார் வர்றாரு. உங்க புள்ள வந்து எடுத்தா எடுத்தது. இல்லீன்னா ஒரு பொம்பளையும் இந்தக் காட்டுக்குள்ள கால் வெக்க மாட்டா. உங்க பழத்தைக் குருவிக்குப் போட்டுக்குங்க.”

அவர்கள் போனபின் ஷெர்லின் கூடையைக் கீழே வைத்தாள்.

“அப்பா, டிவியில வர்றது நான் இல்லை. மிஷின்.”

“என்ன மிஷின்?”

“ஆகஸ்ட்ல நாலு நாள் பச்சைத் துணிக்கு முன்னாடி உட்கார வெச்சாங்க. எல்லாத்தையும் வாசிக்கச் சொன்னாங்க. சிரிக்கச் சொன்னாங்க, சோகமா இருக்கச் சொன்னாங்க, தலையைத் திருப்பச் சொன்னாங்க. அதை வெச்சு என்னை மாதிரியே ஒண்ணு செஞ்சுட்டாங்க. எழுதிக் குடுத்தா அது வாசிக்கும். சோறு வேண்டாம், லீவு வேண்டாம். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எல்லாரும் போட்டாங்க. நவம்பர்லேர்ந்து அதுதான் ஏழு மணிக்கு வருது. தேவைன்னா கூப்பிடறோம்னு என்னை அனுப்பிட்டாங்க.”

ரைட்டர் மகளையே பார்த்தார். “நவம்பர்லருந்தா? கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொன்னியே. நான் உக்காந்து அழுதேனே, பாப்பா.”

“அதுவும் அதுதாம்பா.”

 அவள் வெடித்தாள். “பதினஞ்சு வருஷமா தினமும் பாக்கறீங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பாக்கறீங்க. மூணு மாசத்துல ஒரு நாள்கூடவா சந்தேகம் வரலை? அப்பா, உங்களுக்கே தெரியலையா?”

 ஆரோக்கியசெல்விதான் மெதுவாகச் சொன்னாள்: “எனக்குக் கொஞ்சம் எளைச்ச மாதிரி இருந்துது. சரியாச் சாப்புடறது இல்லையோன்னு நெனச்சேன்.”

சனிக்கிழமை காலையில் சேனலுக்குப் போன் போட்டாள். போன் அவள் கையில் இருந்தாலும் அந்த ஆள் பேசுவது காடு முழுக்கக் கேட்டது.

“நீங்க வாசிக்கலையே ஷெர்லின், நீங்க எதுக்கு டென்ஷன் ஆகறீங்க?”

“என் முகம் சார். என் வாய்.”

“போலீஸ் விசாரிச்சது நிஜம்தானே? அந்த நியூஸ் முடிஞ்சுபோச்சு. அதுக்கெல்லாம் மறுப்புப் போட்டா தினமும் மறுப்புதான் போட்டுட்டிருக்கணும்.”

“ஒரே ஒரு வரி சார். அதையே வாசிக்க விடுங்க.”

“பார்க்கலாம். அப்புறம், மெஷின் விஷயத்தை வெளியில பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஞாபகம் இருக்கட்டும். மறுபடியும் உங்களைக் கூப்பிடறதா இருந்தா கெடுத்துக்காதீங்க.”

போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு செடியை உருவ ஆரம்பித்தாள். பழம், காய், இலை எல்லாம் சேர்ந்து கூடையில் விழுந்தது. “காயைப் பறிச்சா அடுத்த வருசத்துக் கிளை போயிரும், ஒவ்வொண்ணாப் பறி” என்று சத்தம் போட்டேன். “பெரியப்பா, இன்னைக்கு என்னை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள். நான் என் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாடகை ஜீப்பில் தலைச்சோலை போனோம். ரைட்டர், ஷெர்லின், நான். கூட்டம் பலாமரத்தடியில். எதிரில் இருப்பவன் முகம் தெரியாத பனி. ஊர்த் தலைவரான மூப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். சிவக்குமார் வெள்ளைச் சட்டையோடு, சட்டைப்பையில் இரண்டு போனோடு, நிற்பேன், உட்காரமாட்டேன் என்று நின்றார். பாலகுமார் மரத்தின் பின்பக்கம் இருந்தான். அவன் சட்டையின் ஓரம்தான் தெரிந்தது.

வெளியில் பேசமாட்டேன் என்று போட்ட கையெழுத்தை ஷெர்லின் பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். பச்சைத் துணி, மிஷின், நவம்பர் மாசம், ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்லச் சிரிப்பு கிளம்பியது.

“அப்ப இப்ப பேசறது நீயா மிஷினா கண்ணு? தொட்டுப் பார்க்கட்டுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மிஷினுக்குச் சீலை யாரு கட்டி உடுவாங்க?” என்றாள் இன்னொருத்தி.

பனிக்குள்ளிருந்து போன் வைத்திருக்கிற ஒருவன், “சிரிக்காதீங்க. இப்பெல்லாம் அப்புடி வருதுங்க. நெசந்தான்” என்றான்.

சிரிப்பு அடங்கியது. நானும் எழுந்து தார்ப்பாய் கதையைச் சொன்னேன். மூப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

“சரி, மிஷினுதான் சொல்லுச்சுன்னு வெச்சுக்குவோம். அப்ப அதை எடுக்கறது யாரு? இந்தப் புள்ள சொல்லாததை இந்தப் புள்ள எடுக்க முடியாது. மிஷினு கூட்டத்துக்கு வருமா? வராது. வாயில்லாத பேச்சு. அது நின்னுபோச்சு.”

“நிக்கட்டுமுங்க” என்றார் சிவக்குமார். “அப்பன் இல்லாத புள்ளையை நான் அப்புடிப்பட்ட ஊட்டுல தள்ள முடியாது. நாங்க வேற எடம் பார்த்துக்கறோம்.”

மரத்தின் பின்னால் தெரிந்த சட்டை ஓரம் மறைந்தது. சின்னையன் எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் நாங்கள் வந்தோம். உண்மை வந்து அந்தப் பையனை இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டது. எங்கள் பழக்கத்தின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல்பட்டு என்ன செய்ய?

ஆராயி எழுந்து வந்து ஷெர்லினின் கையைப் பிடித்து என் பக்கமாக இழுத்துவந்தாள்.

“நீ சொல்லியிருக்க மாட்டே கண்ணு. உங்க களத்துல உன்ற மொகத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப அதை அவங்ககிட்டச் சொல்லுங்க அத்தை.”

“சொன்னா எம்பையன் சாகற வரைக்கும் திருடன். நீதான் சொன்னேன்னு ஒத்துக்க சாமி. ஒத்துக்கிட்டு எடுத்துரு.”

“செய்யாததை எப்படிங்க ஒத்துக்கறது? மலை பூரா என்னை என்ன சொல்லும்?”

“உனக்கு மெட்ராசு இருக்குது. அவனுக்கு இந்த மலைதான் இருக்குது.”

“மெட்ராசும் இல்லைங்க அத்தை.”

ஆராயி கையை விடவில்லை. ஷெர்லின் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையில் கிடந்த பலாச்சருகை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். அவள் சொல்லவில்லை என்று இப்போதுதான் ஊர் முன்னால் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் என்ன சொல்வேன்?

நடுவில் போய் நின்றாள்.

“மிஷின்னு சொன்னது பொய்ங்க. பயத்துல சொன்னேன். நான்தான் வாசிச்சேன். எடுத்துக்கறேன்.”

கூட்டம் அசைந்தது. “அதானே பார்த்தேன்” என்றது ஒரு குரல். இரண்டு பேர் என்னையும் திரும்பிப் பார்த்தார்கள். பொய்ச்சாட்சி சொன்ன கிழவன். இருக்கட்டும்.

அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். சிவக்குமார் கையை நீட்டித் தடுத்தார்.

“இது செல்லாதுங்க. சொன்ன மாதிரியே சொல்லோணும். டிவில வந்த கொரல் வேற.”

தொண்டையைச் சரிசெய்துகொண்டு செய்திக் குரலில் சொன்னாள். அது எனக்குத் தெரிந்த குரல். அத்தனை வருஷம் ஜன்னல் வழியாகக் கேட்ட அதே குரல்.

“இதுவும் இல்லீங்க” என்றார் சிவக்குமார். “நான் அதைப் போன்ல இருபது தடவை போட்டுக் கேட்டவன். அதுல இப்புடி நடுவுல மூச்சு வாங்கலை. ஏமாத்தப் பார்க்காதீங்க.”

ஷெர்லின் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். திறந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது நகரவே இல்லை. கழுத்து கொஞ்சம் சாய்ந்தது. கைகள் வயிற்றுக்கு முன்னால் கோத்தபடி நின்றன. மூச்சு விடாமல், ஏற்றம் இறக்கம் எல்லாம் அளந்து வைத்த மாதிரி, திருடி வந்த என்கிற இடத்திலும் ஊர்ப்பேர் இடத்திலும் ஒரே பாரத்தோடு அந்த வாக்கியம் முழுதும் வந்தது.  “இது பொய். நான் சொன்ன பொய். எடுத்துக்கொள்கிறேன்” என்பதையும் அதே குரலில் சொன்னாள்.

“ஆங்” என்றார் சிவக்குமார். “இதேதான். இந்தக் கொரல்தான்.”

ரைட்டர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆராயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஷெர்லின் ஒரே மூச்சில் குடித்தாள். தாடையெல்லாம் வழிந்தது. மூப்பன் கம்பளியை உதறி எழுந்தார்.

“எடுத்தாச்சு. இனி இதை யாரும் பேசப்படாது. சொன்னவங்களும் பேசப்படாது, கேட்டவங்களும் பேசப்படாது.”

சின்னையன் வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். சிவக்குமார் இரண்டாம் உருண்டை கேட்டு வாங்கினார். பந்தலுக்கு எந்த ஊர் ஆள், மேளத்துக்கு யார் என்று பேச்சு போனது. பாலகுமார்தான் எங்களுக்குக் குழம்பு ஊற்றினான். “சாப்புடுங்க அக்கா” என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குக் காலையில் பதினாலு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஆராயி ரைட்டரிடம் சொன்னாள்.

திரும்பும்போது ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். நானும் ஷெர்லினும் பின்னால். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினோம்.

“அப்பா” என்றாள். “நான் அதைச் சொல்லவே இல்லைப்பா.”

அவர் திரும்பாமல் சொன்னார்: “பேசப்படாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல பாப்பா.”

ஜீப் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, “நானும் அன்னிக்கு நீங்க வாசிச்சதைப் பார்த்தனுங்க அக்கா. எப்புடியோ எடுத்துட்டீங்க. நல்லதாப் போச்சு” என்றான்.

ஷெர்லின் என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.